கரண்டு பாயுற எபாக்ஸியா, சால்டரா, திம்பிளா? வீட்டுலயும் கார்லயும் எத எங்க வெக்கறது

ரெண்டு ட்யூப்ல வர்ற சில்வர் எபாக்ஸி, அதாவது கரண்டு பாயுற பசை, அத வாங்கலாமா வேண்டாமான்னு நம்ம பக்கம் நெறய பேரு கேக்கறாங்க. சால்டரிங் அயர்ன், அதாவது ஈயத்த உருக்கி ஒட்டற சூட்டுக்கோல், அதப் புடிச்சுப் பழக்கம் இல்லாதவங்க, வீடியோவப் பாத்துட்டு ரெண்டையும் கலந்து தடவுனா வேல முடிஞ்சுதுன்னு நெனச்சுக்கறாங்க. இக்கட்ட பழைய ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஆருகிட்ட கேட்டாலும் "அதெல்லாம் ஆகாதுங்க, பசைல எங்க கரண்டு போகும்"னு ஒரே வார்த்தைல ஒதுக்கிடறாங்க. ரெண்டு பேச்சும் பாதிதான் சரி. அதுக்குன்னு ஒரு எடம் இருக்குதுங்க, அங்க சால்டர விட அதுதான் நல்லா நிக்கும், அந்த எடத்த விட்டு வெளிய வெச்சா வயரு சூடாகி பிளாஸ்டிக் உருகற வரைக்கும் கொண்டு போயிரும்.

என்ற கணக்கு ஒண்ணுதானுங்க. ரெண்டு அகலமான பரப்புக்கு நடுவுல மெல்லிசா தடவி ஒட்டற வேலையா இருந்தா எபாக்ஸிய யோசிக்கலாம். அறுந்துபோன ரெண்டு முனைக்கு நடுவுல இருக்கற சந்த அதக் கொட்டி ரொப்பற வேலையா இருந்தா வேண்டவே வேண்டாம். எத்தன ஆம்பியர் போகுதுங்கறது அதுக்கப்பறம்தான்.

ஏன்னு சொல்றனுங்க. சாதா அரால்டைட், எம்-சீல் எல்லாம் கரண்ட தடுக்கற சாமான். அதே மாதிரி எபாக்ஸிக்குள்ள வெள்ளித் தூள, சின்னச் சின்ன செதில் செதிலா, எடையில 70, 80 சதவீதம் வரைக்கும் போட்டுப் பெசஞ்சா அதுதான் சில்வர் எபாக்ஸி. கரண்டு பசைக்குள்ளாற போறதில்ல, ஒரு செதில்ல இருந்து அடுத்த செதிலுக்குத் தொட்டுத் தொட்டுப் போகுது, கீழ்பவானி வாய்க்கால்ல தண்ணி கொறஞ்சப்ப கல்லு கல்லா மிதிச்சு அக்கட்ட போற மாதிரி. கல்லு பத்தலைன்னா நடுவுலயே நின்னுக்க வேண்டியதுதான், அதனாலதான் வெள்ளி ஒரு அளவுக்குக் கீழ கொறஞ்சா கொஞ்சங்கூட கரண்டு பாயாது, அந்த அளவத் தாண்டுனா சடார்னு பாய ஆரம்பிச்சுரும். வெல எச்சா இருக்கறதுக்கும் காரணம் அந்த வெள்ளிதான்.

இப்ப நம்பருக்கு வருவோம், இங்கதான் எல்லாத் தப்பும் நடக்குது. நல்ல சில்வர் எபாக்ஸியோட ரெசிஸ்டிவிட்டி, அதாவது அந்தச் சாமான் கரண்ட எத்தன தடுக்குதுங்கற அளவு, 0.0002ல இருந்து 0.001 ஓம்-சென்டிமீட்டர் வரைக்கும் இருக்கும், வெல கம்மியா இருக்கறது அதுக்கும் மேல போகும். நம்ம சாதா 63/37 ஈய சால்டர், 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் கலந்தது, 0.000015 கிட்ட. செம்பு 0.0000017. அப்ப எபாக்ஸி சால்டர விட பத்து மடங்குல இருந்து அறுபது, எழுபது மடங்கு வரைக்கும் மோசம், செம்பு வயரோட வெச்சுப் பாத்தா நூறு மடங்குக்கு மேல, சிலது அறுநூறு மடங்கு மோசம். இந்த நம்பரப் பாத்துட்டுதான் எலெக்ட்ரீஷியன் அண்ணனுங்க ஆகாதுங்கறாங்க, அதுல ஞாயம் இருக்குது.

ஆனா அதே 0.001 எபாக்ஸிய ரெண்டு விதமா வெச்சுப் பாருங்க. அறுந்த வயரோட ரெண்டு முனைக்கும் நடுவுல 1 சென்டிமீட்டர் நீளத்துக்கு, 1 சதுர மில்லிமீட்டர் தடிமனுக்கு வெச்சா அந்தத் துண்டோட ரெசிஸ்டன்ஸ் 0.1 ஓம். ஹெட்லைட் 55 வாட் பல்புக்கு நாலரை ஆம்பியர் போகுது, அப்ப அந்தச் சின்னத் துண்டுல மட்டும் 2 வாட் சூடு. 10 ஆம்பியர் போச்சுன்னா 10 வாட் சூடு, ஒரு வோல்ட் அங்கயே நின்னுரும். பசை அந்தச் சூட்டத் தாங்காது. இப்ப அதே பசைய ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் தகட்டுக்கு அடியில 0.1 மில்லிமீட்டர் கனத்துல தடவுனா ரெசிஸ்டன்ஸ் 0.00001 ஓம். 15 ஆம்பியர் போனாலும் சூடுன்னு சொல்றதுக்கே ஒண்ணும் இல்ல. ஒரே சாமான், ஒரே வெல, வெச்ச வடிவத்துல பத்தாயிரம் மடங்கு வித்தியாசம். அதனாலதான் நான் முதல்லயே பரப்பா, சந்தான்னு கேட்டேன்.

காருல இதுக்குப் பொருத்தமான வேல பின் கண்ணாடி டீஃபாகர்தானுங்க, அதாவது கண்ணாடியச் சூடாக்கி அதுல படியற பனி மூட்டத்த எடுக்கற கோடுங்க. நம்மூருல வெயிலுக்கு அது எதுக்குன்னு தோணும், ஆனா மேட்டுப்பாளையம் தாண்டி கோத்தகிரி, குன்னூர் ஏறறவங்க, ஆழியாறுல இருந்து நாப்பது கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறை போறவங்க, மார்கழி தை மாசத்துல பின்னால வர்ற பஸ்ஸு தெரியாம எத்தன கஷ்டப்படறாங்கன்னு அவங்களக் கேட்டாத் தெரியும். அந்தக் கண்ணாடில காப்பிக் கலர்ல கோடு கோடா இருக்கறது ஒயர் இல்லீங்க, வெள்ளியும் கண்ணாடித் தூளும் கலந்த பேஸ்ட்ட அச்சு மாதிரி இழுத்துக் கண்ணாடியோட சேத்துச் சுட்டது. ரெண்டு ஓரத்துலயும் அகலமா ஒரு பட்டை, அதுல ஒரு சின்னத் தகடு, அதுலதான் ஒயர் வந்து சொருகும். டிக்கிய அடிச்சு அடிச்சுச் சாத்தறதுல, இல்லைன்னா சாமான் எடுக்கறப்ப ஒயர் மாட்டி இழுத்து, அந்தத் தகடு கண்ணாடிய விட்டுப் பிச்சுக்கிட்டு வந்துரும். ஒரு ஓரத்துத் தகடு போச்சுன்னா மொத்த டீஃபாகரும் போச்சு.

கோபி பக்கத்துல எங்க மாமா ஒருத்தரு வண்டில இதேதான். "ஏனுங்க மாப்ள, புதுக் கண்ணாடி மாத்தோணும்னு சொல்றாங்க, ஃபெவிக்விக் போட்டு ஒட்டிட்டா ஆகாதுங்களா"ன்னு போன் பண்ணுனாரு. ஆகாதுங்க, ஃபெவிக்விக் ஒட்டும், ஆனா நடுவுல கரண்டத் தடுத்துரும். சால்டர் வெக்கலாமான்னா, வெக்கலாம், அதுக்கு 2 சதவீதம் வெள்ளி கலந்த சால்டர் வேணும், சாதா சால்டர் வெச்சா கண்ணாடி மேல இருக்கற மெல்லிசான வெள்ளிய அது கரைச்சு உறிஞ்சிக்கும், பட்டை உரிஞ்சு வெறும் கண்ணாடி தெரிய ஆரம்பிச்சுரும். அதோட ஒரே எடத்துல முன்னூறு டிகிரி அயர்ன ரொம்ப நேரம் அழுத்துனா கண்ணாடி வெடிக்கிற பயமும் இருக்குது. கை பழகுன ஆளு ரெண்டு செகண்டுல தொட்டு எடுத்துருவாங்க, பழகாதவங்களுக்கு நான் அதச் சொல்ல மாட்டேன்.

அவரு வண்டிக்கு சில்வர் எபாக்ஸிதான் வெச்சோம். முதல்ல பட்டைல ஒட்டிக்கிட்டிருந்த பழைய சால்டர் மேட்ட லேசா மட்டம் பண்ணி, பட்டைய ரொம்பத் தேய்க்காம, நெம்ப நைசான உப்புத்தாள்ல ரெண்டு தடவ மட்டும் ஒத்தி, அப்பறம் ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல தொடச்சு, தகட்டோட அடிப்பக்கம் கருத்துப் போயிருந்தத பளபளன்னு வர்ற வரைக்கும் தேச்சோம். ரெண்டு ட்யூப்பையும் ஒரு பழைய கார்டு மேல சம அளவு எடுத்து, பல்குச்சில ரெண்டு நிமிசம் நல்லாக் கலந்து, தகட்டு அடியில மட்டும் மெல்லிசாத் தடவி, கண்ணாடில வெச்சு லேசா அமுக்குனா ஓரத்துல ஒரு மயிரிழை அளவுக்குப் பசை எட்டிப் பாக்கும், அந்த அளவுதான். அதுக்கு மேல மாஸ்கிங் டேப் போட்டு ஆடாம புடிச்சு வெச்சு, அன்னைக்கு ஒயரே சொருகல. அடுத்த நாள் டேப்ப எடுத்துட்டு, தகட்டச் சுத்தியும் ஓரத்துல சாதா அரால்டைட் ஒரு வளையம் வெச்சோம், ஏன்னா சில்வர் எபாக்ஸில பாதிக்கு மேல வெள்ளி, ஒட்டற பசை கம்மி, இழுப்புக்கு அது தாங்காது. கரண்டுக்கு உள்ள சில்வர், பலத்துக்கு வெளிய அரால்டைட். வரிசை மட்டும் மாறிரக் கூடாது, அரால்டைட் முதல்ல வெச்சா அது தகட்டுக்கு அடியில ஓடிப் போயி கரண்டத் தடுத்துரும்.

தகடு நல்லா இருந்து நடுவுல ஒரு கோடு மட்டும் வேல செய்யலைன்னா அது வேற சமாச்சாரம். பிளேடு வெச்சு ஸ்டிக்கர் சுரண்டறப்ப இல்ல கருப்பு ஃபிலிம் உரிக்கறப்ப கோடு கூடவே வந்துரும், 2012ல உச்ச நீதிமன்றம் கார் கண்ணாடில ஃபிலிம் ஒட்டக் கூடாதுன்னு சொன்ன பொறவு அவசர அவசரமா உரிச்ச வண்டிகள்ல எல்லாம் இந்தத் தொந்தரவு வந்திருக்கும். எங்க அறுந்திருக்குன்னு கண்ணுக்குத் தெரியலைன்னா வோல்ட் பாக்கற மல்டிமீட்டர் முனைல சித்தெ அலுமினிய ஃபாயில் சுத்திக்கோங்க, கோடு கீறாது, டீஃபாகர ஆன் பண்ணி கருப்பு முனைய பாடில வெச்சு செவப்ப கோட்டு மேல மெதுவா நகத்துங்க, 12ல இருந்து கொஞ்சம் கொஞ்சமா எறங்கிட்டு வரும், நல்ல கோட்டுல நடுவுல 6 காட்டும். அறுந்த எடத்துல மட்டும் ஒரே தாவா 12ல இருந்து 0. அங்க டேப் ஒட்டி கோட்டு அகலத்துக்கு மட்டும் சந்து உட்டு, டீஃபாகருக்குன்னே விக்கற சில்வர் பெயிண்ட்ட ரெண்டு மூணு கோட்டிங் தடவுங்க. எபாக்ஸிய விட பெயிண்ட்டு இங்க வசதி, மெல்லிசா வரும், வெலையும் கம்மி. ஒரு கோட்டுல ஏறக்கொறைய ஒரு ஆம்பியர்தான் போகும், அதனால 2, 3 மில்லிமீட்டர் அறுந்தது தாராளமா நிக்கும். ஒரு சென்டிமீட்டருக்கு மேல போயிருந்தா அந்த எடம் மட்டும் மத்த எடத்த விட பல மடங்கு சூடாகி மறுபடி எரிஞ்சுரும், அப்ப அந்த ஒரு கோட்ட விட்டுருங்க, மீதிக் கோடுங்க வேல செய்யும்.

கார்ல இதத் தவிர வேற எங்கயும் நான் எபாக்ஸி வெக்கச் சொல்ல மாட்டனுங்க. பேட்டரி டெர்மினல் லூசா இருக்குன்னு அதுல தடவலாமான்னு கேக்கறாங்க, ஸ்டார்ட் அடிக்கறப்ப நூறு ஆம்பியருக்கு மேல போற எடம் அது, திருகு இறுக்கமும் சுத்தமான ஈயமும்தான் அங்க வேணும். ஹெட்லைட் கப்ளர், அதாவது ஒயரு சொருகற பிளாஸ்டிக் கூடு, கருகிப் போச்சுன்னா புதுக் கப்ளரும், ஒயரு முனைல மாட்டி அழுத்தற உலோகத் துண்டான திம்பிளும். ஏர்பேக் ஒயரு, ஏபிஎஸ் சென்சார் ஒயருல கைய வெக்கவே வேண்டாம். இன்ஜின் பக்கம் நூறு டிகிரி தாண்டும், ரூம் சூட்டுல செட் ஆகற எபாக்ஸி அதுக்குக் கீழயே எளகிரும், அது மேல அதிர்வு வேற. கண்ணாடில ஒட்டியிருக்கற ரேடியோ ஆன்டெனாக் கோடு மட்டும் பரவால்ல, அதுல கரண்டே கம்மி.

ஒயருக்கு ஒயரு ஜாயின்ட்டுன்னா வண்டில எப்பவுமே திம்பிள் வெச்சு கிரிம்ப் பண்றது, அதாவது அதுக்குன்னு இருக்கற பிளையர்ல அழுத்தி ஒயரப் புடிக்க வெக்கறதுதான் மேல், சால்டரக் கூட நான் ரெண்டாவதாத்தான் வெப்பேன். சால்டர் வெச்ச எடத்துல ஒயருக்குள்ளாற ஈயம் ஏறி வெறைச்சுக்கும், அதிர்வுல அந்த வெறைப்பு முடியற எடத்துல இழை இழையா ஒடஞ்சுரும். நல்ல கிரிம்ப்பிங் பிளையர்ல, ஒயரு சைஸுக்கு ஏத்த திம்பிள் போட்டு அழுத்தி, மேல சூடு காட்டுனா சுருங்கிப் புடிக்கற ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டா வருசக்கணக்கா நிக்கும். கட்டிங் பிளையர்ல நசுக்கறது கிரிம்ப் இல்லீங்க, அத மட்டும் விட்டுருங்க.

தோட்டத்துக் கணக்கும் இதுல வரும், ஏன்னா நம்ம பக்கம் பல பேரு கேக்கற அடுத்த கேள்வி போர் மோட்டார் கேபிள் ஜாயின்ட்டப் பத்தித்தான். பல்லடம், அவிநாசி, சூலூர் பக்கமெல்லாம் ஆயிரம் அடிக்கு மேல போர் எறங்கியிருக்குது, ஜாயின்ட் ஒண்ணு கெட்டா மோட்டாரத் தூக்கி எறக்கற செலவும் வெசனமும் சும்மா இல்ல. 5 எச்பி மூணு பேஸ் மோட்டாருக்கு ஏழு எட்டு ஆம்பியர் ஓடறப்ப போகும், நேரடியா ஸ்டார்ட் ஆகறப்ப அது ஆறு மடங்கு வரைக்கும் ஏறும், அது மேல 415 வோல்ட், சுத்தியும் தண்ணி. அங்க சில்வர் எபாக்ஸி நெனப்புலயே வரக் கூடாது. ஒவ்வொரு பேஸையும் தனித்தனியா, உயரம் மாத்தி மாத்தி வெட்டி, செம்பு ஸ்லீவ் போட்டு கிரிம்ப் பண்ணி, தண்ணிக்குள்ள தாங்கற ஜாயின்ட் கிட்டுல மூடறதுதான் வழி. அந்தக் கிட்டுல ஊத்தற பசையும் எபாக்ஸி ரகம்தான், ஆனா அது தண்ணியையும் கரண்டையும் தடுக்கறதுக்கு. பேரு ஒண்ணா இருக்கறதால கொழப்பிக்காதீங்க, வேல நேர் எதிரு.

வீட்டுல 230 வோல்ட் போற எதுலயும் இதே பேச்சுதான். கிரைண்டர் சுவிட்ச், கீசர் டெர்மினல், பிளக் பின், எர்த் ஒயரு, எல்லாத்துலயும் திருகோ திம்பிளோ வேணும். கோயமுத்தூர் வெட் கிரைண்டர் அரை குதிரை சக்திக்குள்ளதான், கரண்டும் கம்மிதானேன்னு ஒருத்தர் வாதம் பண்ணுனாரு. கரண்டு கம்மிதான், ஆனா பக்கத்துலயே மாவும் தண்ணியும் ஈரக் கையும் இருக்குது, மெக்கானிக்கலா புடிப்பு இல்லாத ஜாயின்ட்ட அங்க வெக்கறது உயிரோட வெளையாடறது.

வீட்டுல எபாக்ஸியும் சில்வர் பெயிண்ட்டும் நெசமா ஒதவற எடம் வாஷிங் மெஷின், இன்டக்ஷன் அடுப்பு, மைக்ரோவேவ் இதுங்களோட டச் பட்டன் ஷீட்டு. அது பிளாஸ்டிக் ஃபிலிம் மேல வெள்ளி மையில அச்சடிச்ச கோடு. அயர்ன் கிட்டக் கொண்டு போனாலே ஃபிலிம் சுருங்கிரும், அதனால சால்டருக்கு அங்க வழியே இல்ல. ஷீட்டோட வால் பகுதி மடங்கற எடத்துல கோடு வெடிச்சிருந்தா சில்வர் பெயிண்ட் தடவுங்க, எபாக்ஸி காஞ்சா கல்லு மாதிரி வெறைக்கும், அடுத்த தடவ மடங்கறப்ப அது கூடவே கோட்டையும் உரிச்சுரும். மடங்காத தட்டையான எடம்னா எபாக்ஸி. கரண்டு மில்லி ஆம்பியர் கணக்குலதான் போகும், ரெசிஸ்டன்ஸ் ஒரு ஓம் ரெண்டு ஓம் ஏறுனாலும் மெஷினுக்கு ஒண்ணும் தெரியாது. ஒரே கவனம், பக்கத்துக் கோட்டுக்கு வழியாம பாத்துக்கோங்க, காஞ்ச பொறவு மேல நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு பூச்சு. ஈரமும் டிசி வோல்ட்டும் சேந்தா வெள்ளி ஒரு கோட்டுல இருந்து அடுத்த கோட்டுக்கு வேர் உட்டு மெதுவா வளரும், நாளாவட்டத்துல ரெண்டும் ஷார்ட் ஆயிரும். குளியல் ரூமுக்குப் பக்கத்துல மெஷின் வெச்சிருக்கறவங்க இந்தப் பூச்ச விடவே கூடாது.

கார் சாவி ரிமோட்டுல சிஆர்2032 பேட்டரி தொடற தகடு பிஞ்சு வந்தா போர்டுல அத சால்டர்தான் பண்ணோணும், பேட்டரிய எடுத்து வெளிய வெச்சுட்டு. ஆனா சில கருவிகள்ல அந்தக் காசு பேட்டரி மேலயே தகடு ஒட்டி வரும், அது பிஞ்சா பேட்டரி மேல நேரா அயர்ன் வெக்காதீங்க, லித்தியம் பேட்டரி சூடானா வெடிக்கும். தகடு வெச்ச புதுப் பேட்டரி கெடைச்சா வாங்கிருங்க, கெடைக்கலைன்னா ஒரு பொட்டு சில்வர் எபாக்ஸி, தகட்டுக்கும் பேட்டரிக்கும் நடுவுல மெல்லிசா. பக்கவாட்டுல வழிஞ்சு ரெண்டு முனையும் சேந்துரக் கூடாது, அதுக்குத்தான் பொட்டுங்கறேன்.

டிவி ரிமோட் ரப்பர் பட்டன் தேஞ்சதுக்கு இத வாங்காதீங்க. சிலிகான் ரப்பர்ல எபாக்ஸி ஒட்டாது, நாலு தடவ அமுக்குனா உரிஞ்சுரும். அதுக்கு கிராஃபைட் பெயிண்ட்டோ ரிமோட் பட்டனுக்குன்னு விக்கற கார்பன் பொட்டோ போதும், அந்த பட்டன் நூறு ஓம் ரெசிஸ்டன்ஸ்லயும் வேல செய்யும், வெள்ளி எதுக்கு அங்க.

கிராஃபைட்னு சொன்னதும் ஞாபகம் வருது, பென்சில் தூள அரால்டைட்ல கலந்து வீட்டுலயே கரண்டுப் பசை பண்ணலாம்னு சுத்திக்கிட்டிருக்கற யோசனை. பண்ணலாம், மீட்டர் ஏதோ ஒரு ரீடிங் காட்டும், ஆனா அது வெள்ளிய விட ஆயிரக்கணக்கான மடங்கு மோசம். ரிமோட் பட்டன் அளவு வேலைக்கு மேல எதுக்கும் அத நம்பக் கூடாது. பென்சில்ல களிமண்ணு வேற கலந்திருக்கும். செம்புத் தூள் கலக்கறதும் அப்பிடித்தான், முதல் வாரம் நல்லா இருக்கும், அப்பறம் ஒவ்வொரு தூள் மேலயும் துரு ஏறி ரெசிஸ்டன்ஸ் ஏறிக்கிட்டே போகும். வெள்ளிக்கு அந்தத் தொந்தரவு இல்ல, வெள்ளியோட ஆக்சைடே ஓரளவு கரண்டு கடத்தும்.

வாங்கறப்ப ஏமாறாம இருக்கறதுக்கு ஒரு வழி. பாக்கெட்டுல "சில்வர்", "ஸ்டீல்", "மெட்டல் எபாக்ஸி"ன்னு போட்டிருந்தா அது கலரச் சொல்லுது, பலத்தச் சொல்லுது, கரண்டச் சொல்லல. இரும்புத் தூள் கலந்த எபாக்ஸி எல்லாமே பெரும்பாலும் கரண்டத் தடுக்கற ரகம்தான். "தெர்மல்"னு போட்டிருந்தா அது சூடு கடத்தறது, வேற சாமான். டேட்டா ஷீட்டுல வால்யூம் ரெசிஸ்டிவிட்டி இத்தன ஓம்-சென்டிமீட்டர்னு நம்பர் இருக்கோணும், அது 0.001 கிட்ட இல்ல அதுக்குக் கீழ இருந்தா நல்லது. நம்பரே இல்லைன்னா வாங்காதீங்க. காந்திபுரம் பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள்ல சால்டர், திம்பிள், ஸ்லீவ் எல்லாம் கெடைச்சுரும், இது பெரும்பாலும் ஆன்லைன்லதான், சின்னப் பாக்கெட்டே ஆயிரக்கணக்குல வரும், ஒரு ரோல் சால்டர் அதுக்குப் பக்கத்துல வெலையே இல்ல. அதனால தனியா ஒருத்தரு வாங்கறத விட வேல இருக்கற மூணு நாலு பேரு சேந்து வாங்குனா கட்டுப்படியாகும், தொறந்த பாக்கெட் ரொம்ப நாளைக்கு நல்லா இருக்காது. ஃப்ரீசர்ல வெக்கோணும்னு போட்டிருக்கற ஒரே ட்யூப் ரகம் ஃபேக்டரிக்காரங்களுக்கு, அது நூத்தம்பது டிகிரில செட் ஆகறது, நம்ம வேலைக்கு ரெண்டு ட்யூப் ரகம் பாத்து வாங்குங்க.

இது ஏதோ வெளையாட்டுச் சாமான்னு நெனச்சுக்காதீங்க. எல்இடி சிப்ப உள்ள ஒட்டறதுக்கும், கார் சென்சார் உள்ளயும் ஃபேக்டரிகள்ல இந்த ரகப் பசைய வெச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க, 2006 ஜூலைல ஐரோப்பாவுல ஈயத்துக்குக் கட்டுப்பாடு வந்த பொறவு இதுக்கு இன்னும் மவுசு கூடுச்சு. அங்க சூடு, நேரம், அளவு எல்லாம் மெஷின் பாத்துக்குது, நம்ம திண்ணைல நாமதான் பாத்துக்கோணும்.

செட் ஆகறதுல பொறுமை வேணும். கலந்த உடனே மீட்டர் வெச்சுப் பாத்துட்டு ரெசிஸ்டன்ஸ் எச்சா காட்டுதுன்னு போலிச் சரக்குங்கறாங்க, ஈரமா இருக்கறப்ப அப்பிடித்தான் காட்டும். பசை இறுகி சுருங்கறப்பதான் செதிலுங்க ஒண்ண ஒண்ணு நெருக்கித் தொடும், அப்பத்தான் கரண்டு வழி தெறக்கும். ரூம் சூட்டுல ஒரு நாள் விட்டா செட் ஆகும், 65 டிகிரிக்கு மேல சூடு குடுத்தா பல ரகம் நிமிசக் கணக்குல செட் ஆகறது மட்டுமில்லாம ரெசிஸ்டன்ஸும் இன்னும் கொறையும். ஹேர் டிரையர் போதும். கரூர், ஈரோடு பக்கம் சித்திரை வெயில்ல கண்ணாடிய ஏத்தி நிறுத்துன காருக்குள்ள அறுபது டிகிரி தாண்டும், டீஃபாகர் தகடு ஒட்டுனவங்க பின் கண்ணாடி வெயிலப் பாக்கற மாதிரி மத்தியானம் நிறுத்துனா வேற ஹீட்டரே வேண்டாம்.

தகடு எது மேல ஒட்டறீங்கன்னும் பாருங்க. வெள்ளி, தங்க முலாம் மேல நல்லா நிக்கும், செம்பு பரவால்ல. ஈய, வெள்ளீயப் பூச்சு போட்ட தகட்டுல ஈரம் பட்டா வெள்ளியும் வெள்ளீயமும் சேந்து அரிப்பு வந்து ரெசிஸ்டன்ஸ் மெல்ல ஏறும், அதனால ஓரத்த அரால்டைட்ல மூடறது அங்க கட்டாயம். அலுமினியம் மேல சொரண்டுன உடனே தடவோணும், சித்தெ நேரம் விட்டாலே அது மேல ஆக்சைடு படிஞ்சுரும். கைல நைட்ரைல் கிளவுஸ் போட்டுக்கோங்க, ஹார்டனர், அதாவது பசைய இறுக வெக்கற ட்யூப்ல இருக்கற சாமான், தோலுல பட்டுப் பட்டு அலர்ஜி ஆயிட்டா அப்பறம் எந்த எபாக்ஸியத் தொட்டாலும் அரிக்கும்.

ஒட்டுனது சரியா வந்துச்சான்னு மீட்டர் பீப் அடிக்கறத வெச்சு முடிவு பண்ணாதீங்க, பீப் முப்பது ஓமுக்கும் அடிக்கும். நெசமான கரண்டு போக விட்டு, டீஃபாகர்னா ஆன் பண்ணி, மீட்டர டிசி மில்லிவோல்ட்டுல வெச்சு ஒரு முனைய தகட்டு மேல, இன்னொரு முனைய பக்கத்துலயே இருக்கற வெள்ளிப் பட்டை மேல வெச்சுப் பாருங்க. 100 மில்லிவோல்ட்டுக்குள்ள இருந்தா நல்லா உக்காந்திருக்கு. அஞ்சு நிமிசம் ஓட விட்டு தகட்ட வெரலால தொடுங்க, கண்ணாடிய விடத் தகடு எச்சாச் சுட்டுச்சுன்னா அந்த ஒட்டு நிக்காது, ஹேர் டிரையர்ல எளக்கி எடுத்துட்டு சுத்தம் பண்ணி மறுபடி மெல்லிசாத் தடவுங்க.